கையில் காசில்லாமல் வெளியே வருவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில் வாக்கப்பட்டு, 9 வருடம் அடியும் ஏச்சும் வாங்கி, 2 பிள்ளைகளோடு வெளியே வந்தவள் நான். அன்று கையில் இருந்தது 340 ரூபாய். இப்போது என்னிடம் பெண்கள் கேட்கிறார்கள். கடல்பாசி எடுக்கப் போகும் கரையில், நண்டுக் கம்பெனி வாசலில், சில சமயம் ஓடும் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு காதாக. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த நிமிடமே ஆபத்து என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். 112 போலீஸ், 181 பெண்கள் உதவி எண், 108 ஆம்புலன்ஸ். மூன்றுக்கும் காசு கிடையாது.

"அவர் அடிப்பதில்லை அக்கா. காசு தருவதில்லை, வாய்தான் அதிகம். இதுவும் கணக்கில் வருமா?"

வரும். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடலுக்குச் செய்யும் கொடுமை, பாலியல் கொடுமை, வார்த்தையாலும் மனதாலும் செய்யும் கொடுமை, பணத்தால் செய்யும் கொடுமை என்று நான்கையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நீங்கள் முட்டளவுத் தண்ணீரில் நின்று எடுத்த பாசிக்கான கூலியைப் பிடுங்குவது, கேட்காமல் நகையை அடகு வைப்பது, அரிசி வாங்கக் காசு தராமல் இழுத்தடிப்பது எல்லாம் அந்த நான்காவது வகை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன். கழுத்தை ஒரு தடவையாவது நெரித்திருந்தால், "கோபத்தில் செய்துவிட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். இந்த விஷயத்தில் வேலை செய்யும் எல்லோரும் கொலைக்கு முந்தின அடையாளமாகப் பார்ப்பது அதைத்தான். மண்ணெண்ணெயைக் காட்டி மிரட்டுவது, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அடிப்பது, "என்னை விட்டுப் போனால் வெட்டுவேன்" என்பது, இவையும் அப்படித்தான்.

"என்னிடம் 300 ரூபாய்தான் இருக்கிறது. கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகலாமா?"

20,000 ரூபாய் சேர்த்துவிட்டுத்தான் போவேன் என்று நான் 2 வருடம் இருந்தேன். ஆயிரம் சேரும்போதெல்லாம் ஒரு காய்ச்சல் வரும், வலை கிழியும், இல்லையென்றால் அவர் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு குடித்துவிடுவார். அந்த 2 வருடத்தில் எனக்கு ஒரு காதும் போனது. காத்திருந்ததற்கு நான் கொடுத்த விலை அது.

சேர்க்க முடிந்தால் சேருங்கள். ஆனால் முதல் வாரத்துக்குத் தேவையானவை பெரும்பாலும் இலவசம் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்று 1987-ம் வருட சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும், 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. 5 நாள் வரை தங்க இடம், சாப்பாடு, மருத்துவ உதவி, ஆலோசனை எல்லாம் அங்கே கிடைக்கும். 181-க்குப் பேசினால் அவர்களே அந்த மையத்தோடு சேர்த்துவிடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியும் இலவசம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மேயிலிருந்து நமக்குக் காசு இல்லை. தூரம் போகிற பஸ்ஸுக்கு மட்டும் காசு வேண்டும். அந்த 300 ரூபாய் அதற்குப் போதும்.

யாராவது "மனு எழுத 2,000 கொடு", "உள்ளே ஆள் இருக்கிறது, 5,000 கொடு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

"எந்த நேரத்தில் கிளம்புவது?"

அவர் கடலில் இருக்கும் நேரத்தில். நம் கடற்கரையில் இருக்கும் ஒரே வசதி இதுதான். விசைப்படகு என்றால் கடலுக்குப் போக மீன்துறை அனுமதி டோக்கன் கொடுத்தால்தான் போவார்கள், போனால் மறுநாள்தான் கரை. ஆனால் காற்று எச்சரிக்கை வந்தால் டோக்கனை நிறுத்திவிடுவார்கள். நாள் குறித்துவிட்டு, அவர் திடீரென்று வீட்டில் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். முகத்தில் காட்டாமல் இன்னொரு நாள் பாருங்கள். நாட்டுப்படகு, கரைவலை என்றால் நேரம் குறைவு, விடியலில் போய் மதியத்துக்குள் வந்துவிடுவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுக்காரர் வீட்டில் 61 நாளும் ஆள் வீட்டிலேயே இருப்பார், வருமானம் இருக்காது, குடி இருக்கும். கிளம்புவதாக மனதில் இருந்தால் தடைக்காலத்துக்கு முன்பே செய்வது நல்லது. முடியாவிட்டால் அந்த 2 மாதம் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். சாமான் விழுகிற சத்தம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழியையும் யோசிக்க வேண்டும். ராமேஸ்வரம் தீவில் இருந்தால் வெளியே போக ரோடு ஒன்றுதான், பாம்பன் பாலம். தங்கச்சிமடம் ஸ்டாப்பில் பையோடு நின்றால் பாலம் தாண்டும் முன்னே வீட்டுக்குச் செய்தி போய்விடும். ஆட்டோக்காரர் பெரும்பாலும் சொந்தம். அதனால் பெரிய பை வேண்டாம். ஆடி அமாவாசை, தை அமாவாசை மாதிரி கூட்டம் அலைமோதும் நாளில் தீவை விட்டு வருகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு ரயிலும் ஓடுகிறது. பஸ் ஸ்டாண்டைவிட ஸ்டேஷனில் தெரிந்த முகம் குறைவு.

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு திசை இருக்கிறது. எல்லோரும் ராமநாதபுரம் பக்கம் தேடுவார்கள், தூத்துக்குடிப் பக்கம் போகலாம். தொண்டிக்காரர்களுக்கு வடக்கே புதுக்கோட்டை வழி உண்டு.

காரணம் சொல்ல வேண்டுமே என்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள். "உரிமைத் தொகைக்கு மனு கொடுக்கப் போகிறேன்" என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். போனால் அங்கேயே மாவட்ட சமூக நல அலுவலகத்தை விசாரியுங்கள். குடும்ப வன்முறைச் சட்டப்படி நம் மனுவை வாங்க வேண்டிய பாதுகாப்பு அலுவலர் அந்தத் துறையில்தான் இருக்கிறார்.

"என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?"

ஆதார், ரேஷன் கார்டு, பாங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவு அல்லது சர்ச், பள்ளிவாசல் பதிவின் நகல், மீனவர் அட்டை. அசலை எடுத்தால் தெரிந்துவிடும் என்றால் போட்டோ எடுத்து, நம்புகிற ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். அடகு ரசீதுகளைக் கட்டாயம் போட்டோ எடுங்கள். நகை உங்களுடையது என்று காட்ட பிற்பாடு அதுதான் உதவும்.

நான் ஒரு பழைய சாக்குப்பையில் எல்லாவற்றையும் போட்டு, மேலே கருவாட்டைப் பரப்பி அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்துக்கு ஒரு காகிதம். கருவாட்டுப் பையை யாரும் கிளறிப் பார்க்கவில்லை.

மருந்து சாப்பிடுகிற பிள்ளை இருந்தால் அந்தச் சீட்டும், ஒரு மாற்றுத் துணியும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பாத்திரம் பண்டம், டிவி, மெத்தை எல்லாம் கோர்ட் மூலமாகக் கேட்கலாம், உயிரைக் கேட்க முடியாது.

"பணத்தை அவர் கண்ணில் படாமல் எப்படி வைப்பது?"

முதலில் உங்கள் பெயரில் வருகிற பணம் உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் உங்கள் கணக்கில்தான் விழுகிறது, ஆனால் ஏடிஎம் கார்டு பல வீட்டில் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. கார்டு தொலைந்துவிட்டது என்று பாங்கில் சொன்னால் பழையதை நிறுத்திவிடுவார்கள். ஆனால் அதை இருக்கும்போதே செய்தால் சண்டை வரும். கிளம்பின அன்று காலையில் செய்யுங்கள். கணக்கில் பதிவான போன் நம்பர் அவருடையதா என்றும் பாருங்கள், எஸ்எம்எஸ் அங்கேதான் போகும்.

புதுக் கணக்கு வேண்டுமென்றால் தபால் ஆபீஸில் 500 ரூபாயில் சேமிப்புக் கணக்கு, பாங்கில் ஜன் தன் கணக்கு என்றால் அதுவும் வேண்டாம். உங்கள் ஊர்த் தபால் ஆபீஸில் வேண்டாம், 4 ஊர் தள்ளிப் போங்கள். பாசி வியாபாரி, நண்டுக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை உங்களுக்கு நல்ல மாதிரி என்றால் வாரக் கூலியில் 100 ரூபாயை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லலாம். எனக்கு ஒரு வியாபாரியின் மனைவி அப்படித்தான் 11 வாரம் வைத்திருந்தார். ஒரு ரூபாய் குறையாமல் கொடுத்தார்.

"குழு லோன் என் பெயரில் இருக்கிறது. வாரத் தவணை?"

இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். காசை வாங்கிச் செலவழித்தது அவர், கையெழுத்து உங்களுடையது. கடன் சட்டப்படி உங்கள் பெயரில்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் தவணை கட்டாததற்காக யாரும் உங்களை ஜெயிலில் போட முடியாது. இந்த மாதிரிக் குழு லோனுக்கு கலெக்‌ஷன் ஆள் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் பாங்க் விதி. மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது.

வெளியே வந்து ஒரு வாரம் ஆனதும் லோன் கொடுத்த கம்பெனிக்கு எழுத்தில் ஒன்று எழுதுங்கள்: இந்தக் காரணத்தால் பிரிந்திருக்கிறேன், கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று. ஊரின் பெயர், புது விலாசம் எழுத வேண்டாம். குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள் உங்கள் தவணையைக் கட்ட வேண்டி வந்து ஏசுவார்கள், அது வலிக்கும். அவர்களில் ஒருத்தியிடம் முன்பே உண்மையைச் சொல்லி வைத்தால் ஏச்சு பாதியாகும். பிற்பாடு மாஜிஸ்திரேட்டிடம் பண உதவி கேட்கும்போது இந்தக் கடனையும் சொல்லச் சொல்லி வக்கீலிடம் கூறுங்கள்.

"போனை என்ன செய்வது?"

அவர் வாங்கிக் கொடுத்த போன் என்றால் அது அவருடைய கண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கு அவர் பெயரில் இருந்தால் நீங்கள் நிற்கும் இடத்தை வீட்டில் இருந்தே பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்று ஒரு இடம் இருக்கிறது, அங்கே தெரியாத கம்ப்யூட்டரோ போனோ இருந்தால் உங்கள் பேச்சு முழுக்க அங்கேயும் போகிறது. 181-க்குப் பேச வேண்டுமென்றால் வேறு ஒருவரின் போனில் பேசுங்கள். இதைப் படித்த தடத்தையும் அழித்துவிடுங்கள். கிளம்பும்போது அந்தப் போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிடலாம். வேறு சிம்மில் ஒரு பட்டன் போன் போதும்.

போன பிறகு ரேஷன் விஷயத்தில் கவனம். தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்துப் பொருள் வாங்கலாம், ஆனால் வாங்கியதும் கார்டில் பதிவான நம்பருக்கு எஸ்எம்எஸ் போகும். நம்பரை மாற்றும் வரை பொறுத்திருங்கள்.

"பெண்டாட்டியைக் காணோம் என்று புகார் கொடுத்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடுமா?"

புகார் கொடுப்பார், அநேகமாக எல்லோரும் கொடுக்கிறார்கள். அதற்கு முன்பே நீங்கள் எழுதிவிட வேண்டும். "நான் 18 வயது தாண்டியவள், கொடுமை தாங்காமல் என் விருப்பத்தோடு பிள்ளைகளுடன் வெளியேறியிருக்கிறேன், யாரும் கடத்தவில்லை, என் இருப்பிடத்தை கணவரிடம் சொல்லக் கூடாது" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் எஸ்.பி. ஆபீஸுக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் கூப்பிட்டால் வக்கீலோடு போய் இதையே சொன்னால் போதும். வயது வந்த பெண்ணைக் கட்டாயப்படுத்தி யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

"மகளிர் ஸ்டேஷனுக்குப் போனேன். சேர்ந்து வாழுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்."

எனக்கும் ஒரு ஸ்டேஷனில் அதுதான் நடந்தது. "பிள்ளைக்காகப் பொறுத்துப் போம்மா" என்றார்கள், அன்றிரவே அடி விழுந்தது. அதனால் சொல்கிறேன்: வெறும் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், புகாரை வாங்கிக்கொண்டதற்கு அவர்கள் தர வேண்டிய சிஎஸ்ஆர் ரசீதைக் கேளுங்கள். சமரசத்தில் கையெழுத்துக் கேட்டால் படிக்காமல் போடாதீர்கள். ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரையில் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் சொல்கிறது. அவர்கள் மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள்.

கணவரும் அவர் வீட்டாரும் செய்யும் கொடுமைக்கு முன்பு 498ஏ என்று சொல்வோம், இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு, 3 வருடம் வரை சிறை. ஆஸ்பத்திரியில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யார் அடித்தது, எதால் அடித்தது என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் ஏறும். 3 வருடம் கழித்தும் அந்த ஒரு வரி பேசும்.

"ஊர்க் கூட்டத்தில், ஜமாஅத்தில், சர்ச்சில் வைத்துப் பேசலாம் என்கிறார்கள்."

பேசிப் பார்க்க விரும்பினால் பேசலாம், அது உங்கள் இஷ்டம். நல்ல பங்குத் தந்தையும் நல்ல ஜமாஅத் தலைவரும் இருக்கிறார்கள், நகையை வாங்கிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் தங்கியிருக்கும் இடம் அந்தக் கூட்டத்துக்குத் தெரியக் கூடாது. "எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போலீஸுக்குப் போகலாம்", "போலீஸுக்குப் போனால் ஊரை விட்டு விலக்குவோம்" என்றால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2005 சட்டம் எல்லா மதப் பெண்களுக்கும் ஒன்றுதான். மூச்சுக்கு மூச்சு தலாக் என்று மிரட்டினால், ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019 சட்டப்படி செல்லாது, சொன்னவருக்கு 3 வருடம் வரை சிறையும் உண்டு.

"கோர்ட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும்? நாங்கள் முறையாகக் கல்யாணம் செய்யவில்லை."

கல்யாணம் மாதிரி ஒன்றாக வாழ்ந்திருந்தாலும் இந்தச் சட்டம் பொருந்தும். நெருங்கக் கூடாது என்று தடை, குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை, வாடகை, மாதச் செலவு, நகையும் சீரும் திரும்பக் கிடைப்பது, பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் விடுவது, இத்தனையும் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே மனுப் போடலாம், அது தற்காலிக இடமாக இருந்தாலும் சரி. அவர் ஊருக்கு அலைய வேண்டாம்.

முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கும். அதனால் முதல் நாளே இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள், அவர் வராமலே மாஜிஸ்திரேட் கொடுக்கலாம். தடையை மீறினால் 1 வருடம் வரை சிறை, 20,000 வரை அபராதம்.

"பிள்ளைகள் படிப்பு பாதியில் நிற்குமே?"

நிற்காது. டிசி வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, 8-ம் வகுப்பு வரைக்கும். தலைமை ஆசிரியரிடம் தனியாக விஷயத்தைச் சொல்லுங்கள்: அப்பா என்று யார் வந்தாலும் என்னைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம் என்று. பிள்ளைகளிடம் கிளம்பும் நாள்வரை எதுவும் சொல்லாதீர்கள். என் மகன் தெரியாமல் அத்தையிடம் உளறியதால் முதல் தடவை நான் மாட்டினேன். அவனுக்கு அப்போது 6 வயது, அவன் மேல் தப்பில்லை.

"அவர் சவூதியில் இருக்கிறார். கொடுமை செய்வது மாமியார்."

மாமியார், நாத்தனார் மீதும் இதே சட்டத்தில் மனுப் போடலாம். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

"மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிறேன். எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?"

உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. ஆனால் சொல்லாமல் முகாமை விட்டுப் போனால் பதிவில் சிக்கல் வரும். முதலில் 181-ல் பேசி, பாதுகாப்பு அலுவலர் மூலமாக வேறு முகாமுக்கு மாற்றம் கேளுங்கள்.

"செத்துவிடலாம் போல இருக்கிறது அக்கா."

எனக்கும் ஒரு நாள் இருந்தது. கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன், பாசிக்குப் போன ஒரு கிழவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் கேட்காமல் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். இன்றைக்கு உங்கள் பக்கத்தில் யாரும் இல்லையென்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசுங்கள், இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. வீட்டில் மண்ணெண்ணெயோ பூச்சி மருந்தோ இருந்தால் இன்றே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

"வெளியே வந்துவிட்டு மறுபடி அவரிடமே போய்விட்டேன். இனி யார் உதவுவார்கள்?"

நானும் 2 தடவை திரும்பிப் போனவள்தான், மூன்றாவது தடவைதான் நிலைத்தது. திரும்பிப் போனதால் பழைய புகார் செல்லாமல் போகாது, 181-ல் இரண்டாவது தடவை பேசக் கூடாது என்றும் இல்லை. சிஎஸ்ஆர் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு, வக்கீலின் நம்பர் இவற்றைக் கிழித்துப் போடாமல் வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். பையை மறுபடி கட்டி அம்மா வீட்டிலோ வியாபாரி வீட்டிலோ வையுங்கள். அடுத்த டோக்கன் நாள் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.